நூறு மார்க் கேட்கும் நண்பனுக்கு

2021 நவம்பர் 5

அன்புள்ள மாப்ளே,

இத்தனை நாள் பதில் போடாததற்கான திட்டைப் போனில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன். நம் சோடாபுட்டியின் டெஸ்லாவில், வண்டியே தன்னை ஓட்டப் பார்க்கும் 'எஃப்எஸ்டி பீட்டா' என்ற சோதனை மென்பொருளின் 10.2 பதிப்பு இறங்கியதிலிருந்து அவன் அலம்பல் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். காலேஜில் அட்டெண்டன்ஸுக்கே மெடல் கேட்டவன், பீட்டாவை யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க டெஸ்லா போடும் சேஃப்டி ஸ்கோரில் நூறு வாங்கினால் சும்மா இருப்பானா?

உன் விஷயத்துக்கு வருகிறேன். எஃப்எஸ்டி பேக்கேஜ் உன்னிடம் இருக்கிறது. இந்த 2021 விலைப்படி பத்தாயிரம் டாலர் கொடுத்து மொத்தமாக வாங்கினாலும் சரி, மாதம் 199 கட்டினாலும் சரி, பீட்டாவுக்கு நிற்கும் வரிசை ஒன்றுதான். வண்டியின் கம்ப்யூட்டரும் அதற்குத் தேவையான ஹார்டுவேர் 3 தான். ஆட்டோபைலட் மெனுவில் பீட்டா கேட்கும் பட்டனை அழுத்தி, ஓட்டும் தகவலை எடுத்துக்கொள்ளச் சம்மதமும் கொடுத்தாயிற்று. மிச்சம் ஸ்கோர்தான். அது 91-ஐ விட்டு நகர மாட்டேன் என்கிறது, முன்னால் போகிற வண்டிக்கு இன்னும் இடம் விட வேண்டுமோ என்று கேட்கிறாய். அங்கே ஒன்றும் இல்லையடா.

முன்வண்டியை ஒட்டிப் போவது, வேகமாகத் திரும்புவது, சடாரென்று பிரேக் போடுவது (ஹார்ட் பிரேக்கிங்), மோதல் எச்சரிக்கை, ஆட்டோபைலட் தானே அணைவது என்று ஐந்து எண்களை எடுத்து, பத்து லட்சம் மைலுக்கு எத்தனை முறை மோதுவாய் என்று ஊகிப்பதுதான் இந்த 2021 ஸ்கோர். சூத்திரத்தை டெஸ்லாவே வெளியிட்டிருக்கிறது. போட்டுப் பார்த்தால் எது எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும். ஒட்டிப் போவது 10 சதவீதம் என்று காட்டினாலும் கால் மார்க்கூடப் போகாது. 50 மைல் வேகத்துக்குக் கீழே அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. திருப்பத்தில் 1 சதவீதத்துக்கு 0.3 மார்க். ஹார்ட் பிரேக்கிங்கில் அதே 1 சதவீதத்துக்கு 2 மார்க். உன் 91 எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

பிரேக்கை எப்படி அளக்கிறார்கள் என்று பார். வேகம் 0.1 ஜி-க்கு (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) மேல் குறைகிற நேரம் முழுவதையும் பின்னத்தில் கீழே வைத்துக்கொள்கிறார்கள். அதில் 0.3 ஜி-யைத் தாண்டிய நேரம் எத்தனை சதவீதம் என்பதுதான் உன் எண். 0.3 ஜி என்றால் நொடிக்கு 6.7 மைல் வேகம் இறங்குவது. ஆக, பிரேக்கே தொடாமல் உருட்டிக்கொண்டு போவது உதவாது. கீழே இருக்கும் எண் சிறுத்து, ஒரே ஒரு அழுத்தல் பூதாகாரமாகத் தெரியும். மிதமாக, அடிக்கடி வேகம் குறைக்கிறவனுக்குத்தான் லாபம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்புவது) அந்த 0.1, 0.3 என்ற இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நிற்கும், அதை நன்றாகப் பயன்படுத்து. ஆனால் குளிர் தொடங்கிவிட்டது. பேட்டரி குளிர்ந்திருந்தால் ரீஜென் குறைந்துவிடும், பழக்கதோஷத்தில் கடைசி நிமிடத்தில் பெடலை மிதிப்பாய், அங்கே விழும் அடி. திரையில் பவர் கோட்டின் ஓரத்தில் புள்ளிகள் தெரிந்தால் ரீஜென் குறைவு என்று அர்த்தம். கிளம்பும் முன் ஆப்பிலிருந்து வண்டியைச் சூடாக்கிவிடு.

அடுத்தது மோதல் எச்சரிக்கை, முன்னால் இடிக்கப் போகிறாய் என்று வண்டி அடிக்கும் பீப். அது எப்போது அடிக்க வேண்டும் என்ற செட்டிங்கை 'லேட்' என்று மாற்றி வைத்துத் தப்பித்துவிட்டதாக நினைக்காதே. நீ எதை வைத்தாலும் ஸ்கோருக்கு 'மீடியம்' கணக்குதான். இது ஆயிரம் மைலுக்கு எத்தனை என்ற விகிதம் என்பதால் குறைவாக ஓட்டும் நாளில் கொலைகாரன். நூறு மைல் ஓட்டிய நாளில் ஒரு பீப் வந்தால் சுமார் 2.4 மார்க் போகும். பத்தே மைல் ஓட்டிய நாளில் அதே ஒரு பீப்புக்கு அன்றைய ஸ்கோர் ஐம்பது பக்கம் வந்துவிடும். மொத்த ஸ்கோர் முப்பது நாள் சராசரி, அந்தந்த நாள் ஓடிய மைலுக்கேற்ற எடையோடு. அதனால் பீப் வந்த நாளில் வண்டியை மூடிவைக்காமல் நீயே நிதானமாக நீள ஓட்டு, அந்த விகிதம் கரையும். பெரும்பாலும் பீப் வருவது இரண்டு இடத்தில்: முன்னால் போகிறவன் திரும்புவதற்காக வேகம் குறைக்கும்போது நீ காலை எடுக்காமல் நெருங்குவது, வளைவின் ஓரத்தில் நிற்கும் காரை நேராகப் பார்த்து ஓட்டுவது.

திருப்பத்துக்கு 0.4 ஜி வரம்பு. 15 மீட்டர் ஆரமுள்ள முனையில் அது மணிக்கு 17 மைல், 10 மீட்டர் என்றால் 14. அதற்குள் இருந்தால் போதும். ஆட்டோபைலட் ஓடும்போது அதன் பிரேக் உன் தலையில் விழாது. ஆனால் கையை எடுத்துவிட்டு மூன்று எச்சரிக்கையையும் கேட்காமல் இருந்தால் அது தானே அணைந்து, உன்னிடமிருந்து 5 மார்க் மொய் போகும். உன் லைசென்ஸ் டெஸ்ட் கதையை இங்கே இழுக்கவில்லை, பார்த்தாயா.

இனி நான் சொல்வதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாதே. மஞ்சள் விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று கணக்கிட அமெரிக்காவில் என்ஜினியர்கள் வழக்கமாகக் கையாளும் சூத்திரம் ஒன்று உண்டு. டிரைவர் சுதாரிக்க ஒரு நொடி, அதன்பின் நொடிக்கு நொடி 10 அடி வீதம் வேகம் குறைத்து நிற்பான் என்று வைத்திருக்கிறார்கள். அந்தப் 10 அடி எத்தனை ஜி தெரியுமா? 0.31. சாலை எதிர்பார்க்கிறபடி ஒழுங்காக நிற்பவனுக்கு ஸ்கோரில் அடி. மஞ்சளில் பறந்து போகிறவனுக்கு ஒன்றும் இல்லை. 45 மைல் வேகத்தில் 0.3 ஜி-க்குள் நிற்கச் சுமார் 225 அடி வேண்டும், நீ சுதாரிக்கும் தூரம் தனி. அந்தத் தூரம் இல்லாத இடத்தில் யாராவது குறுக்கே வந்தால் நூறு, தொண்ணூற்றொன்பது எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு மிதி. யோசித்துவிட்டு மிதிக்காதே. வேக வரம்பை மீறுவதும் அந்த ஐந்தில் கிடையாது. முப்பத்தைந்து மைல் தெருவில் அறுபதில் பட்டுப்போலப் போனாலும் நூறு வாங்கலாம்.

என்னை உறுத்துவது அதற்கும் மேலே ஒன்று. ஸ்கோர் அளப்பது உன் கால். பீட்டா வந்தபின் உனக்குத் தேவைப்படப் போவது கண். மோசமான நேரத்தில் தவறான காரியத்தைச் செய்யக்கூடும் என்று அதன் ரிலீஸ் நோட்ஸே சொல்கிறது. தானே ஓட்டுவதில் நூறு வாங்கியவன், இன்னொன்று ஓட்டும்போது அது எந்த நொடியில் சறுக்கும் என்று சலிக்காமல் பார்த்திருப்பான் என்பதற்கு அந்த ஐந்து எண்ணில் எது சாட்சி? போன மாதம் 10.3 வந்ததும் என்ன ஆயிற்று? வண்டிக் கம்ப்யூட்டரின் இரண்டு சிப்களுக்கிடையே தொடர்பு அறுந்து பொய்யான மோதல் எச்சரிக்கை, காரணமே இல்லாமல் பிரேக். சில மணி நேரத்தில் திரும்பப் பெற்று, அடுத்த நாளே 10.3.1 அனுப்பி, 11,704 வண்டிகளுக்கு ரீகால் பதிந்தார்கள். அந்த நேரத்தில் பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்துப் பிரேக்கை விடுவிக்க வேண்டியது உள்ளே இருக்கிறவன்தான். சோடாபுட்டி அதைச் செய்வானா என்று நீயே சொல். நீ செய்வாய், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஆனால் முதலில் வெறிச்சோடிய, தெரிந்த சாலையில் மட்டும் போட்டுப் பார். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வித்தை காட்டாதே.

அடுத்த கடிதத்தில் மொத்த ஸ்கோரை மட்டும் அனுப்பாதே. ஆப்பில் ஒவ்வொரு நாளையும் திறந்தால் ஐந்து எண்ணும் ஓடிய மைலும் இருக்கும். ஒரு வாரத்துக்கு அப்படியே எழுதி அனுப்பு. பிரேக்கா பீப்பா என்று பார்த்துச் சொல்கிறேன்.

உன்
அதே பழைய பெஞ்சுக்காரன்