விக் ஃபெடெலி பற்றிய உரைக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

கனடாவின் நோர்த் பே நகரின் முன்னாள் மேயரும் ஒன்ராறியோ மாகாண அரசியல்வாதியுமான விக் ஃபெடெலியின் பொதுவாழ்வைப் பற்றி எங்கள் முதியோர் வாசிப்பு வட்டத்தில் நான் தமிழில் ஆற்றிய உரைக்குக் கைகொடுத்த அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டுக்கொண்டபடியே எவருடைய பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 350 கிலோமீற்றர் பேருந்தில் பயணித்து நோர்த் பேயில் வந்திறங்கியபோது என் கையில் இருந்தது ஒரு பதவிப் பட்டியல் மட்டுமே. 1978இல் விளம்பர நிறுவனம், 2003 முதல் 2010 வரை மேயர், 2011இல் நிப்பிசிங் தொகுதியின் மாகாணசபை உறுப்பினர், 2018 ஜனவரியில் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சியின் இடைக்காலத் தலைவர், அதே ஆண்டு ஜூனில் நிதியமைச்சர், மறு ஆண்டு ஜூனில் பொருளாதார வளர்ச்சித்துறை அமைச்சர் என்று அரைப் பக்கத்தில் அது முடிந்துவிட்டது. "ஊரைச் சுற்றிப் பார்த்தீர்களா?" என்று கேட்டு, ஒரு துண்டுத்தாளில் இரண்டு ஏரிகளையும் பழைய விமானப்படைத் தளத்தையும் வரைந்து தந்த நூலகப் பணியாளர் அம்மாவுக்கே என் முதல் நன்றி. படைத்தளம் சுருக்கப்பட்டு வேலைகள் பறிபோன பிறகு, அந்த நிலத்துக்குப் புதுத் தொழில்களைக் கொண்டுவர அமைக்கப்பட்ட நிறுவனத்துக்கு மேயராவதற்கு முன்பே ஃபெடெலி தலைமை தாங்கினார் என்பதை அந்தத் தாள் இல்லாவிட்டால் நான் ஒரு வரியில் கடந்துபோயிருப்பேன். பழைய செய்தித்தாள் படங்களில் அவருடைய மஞ்சள் கழுத்துப்பட்டியைச் சுட்டிக்காட்டியதும் அந்த நூலக அம்மாதான்.

ஓய்வுபெற்ற ரயில் ஊழியரான ஐயாவுக்கு நான் பட்ட கடன் பெரிது. ரொறன்ரோவிலிருந்து நோர்த் பே வழியாகக் கொக்ரேன் வரை ஓடிய நோர்த்லாண்டர் ரயில் 2012 செப்டெம்பர் 28இல் நிறுத்தப்பட்டது. அந்த ரயிலின் பயணச்சீட்டு ஒன்றை அவர் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். சமையலறை மேசையில் அதை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, வடக்கே இருப்பவர்கள் மருத்துவரைப் பார்க்கத் தெற்கே போவது எப்படி என்பதைப் பொறுமையாக விளக்கினார். சட்டமன்றத்தில் ஓராண்டுகூட நிறையாத எதிர்க்கட்சி உறுப்பினராக ஃபெடெலி அந்த முடிவை ஏன் அவ்வளவு கடுமையாக எதிர்த்தார் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், அவர் அமைச்சராக இருந்த அரசே அந்தப் பாதைக்காக சீமென்ஸ் நிறுவனத்திடம் மூன்று புதிய ரயில்களை வாங்க முடிவுசெய்தது. அதை நான் சொன்னபோது, "ரயில் வந்து நிற்கட்டும், பிறகு பேசுவோம்" என்றார் ஐயா. அந்த வாசகத்தை அப்படியே உரையில் சேர்த்துக்கொண்டேன்.

என்னோடு உடன்படாத ஒருவருக்கும் நன்றி சொல்லவேண்டும். நகராட்சியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அந்தச் சகோதரி, 2019 ஏப்ரல் 11இல் ஃபெடெலி சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தைத் தொடர்ந்து பொதுச் சுகாதாரச் செலவில் மாகாணத்தின் பங்கு குறைக்கப்பட்டு நகராட்சிகள் மீது சுமை விழவிருந்ததையும், அதை மேயர்கள் பலர் எதிர்த்ததையும், மறு மாதமே அரசு ஓரளவு பின்வாங்கியதையும் எடுத்துச்சொல்லி, "மேயராக இருந்தவருக்கு நகராட்சியின் நெருக்கடி தெரியாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இல்லாமல் போயிருந்தால் என் உரை வெறும் புகழுரையாக முடிந்திருக்கும்; வட்டத்தில் அதிக நேரம் விவாதிக்கப்பட்டதும் அதுவே.

கலைச்சொற்களைத் திருத்திக்கொடுத்த ஆசிரிய நண்பருக்கும், எழுத்தைப் பெரிதாக்கி அச்சிட்டுத் தந்த மருமகளுக்கும், மூன்று மணி நேரம் அமர்ந்து கேட்ட மூத்தோருக்கும் என் வணக்கம். உரையின் ஒரு படியை நூலகத்துக்கு அனுப்பியுள்ளேன். ஐயா, உங்கள் பயணச்சீட்டின் படத்தை முதல் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். உங்களுக்கான படி இந்த வாரம் தபாலில் வந்துசேரும்.

நன்றியுடன்,
வாசிப்பு வட்டத்தின் உறுப்பினர் ஒருவர்