ஒரு மா நிலத்தில் நட்டுப் பார்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காகிதம் மடித்துப் பின்னக் கணக்கு நடத்தினாய், "காலங்காலமா இப்படியா நடத்தினோம்?" என்று மூத்த டீச்சர்கள் கேட்டார்கள், சரிதானே? எனக்குத் தெரிந்தது வயல்தான். அதை வைத்தே பதில் எழுதுகிறேன்.

உன் தாத்தா காலத்தில் ஏக்கருக்கு முப்பது கிலோ விதைநெல். நாற்று முற்ற வேண்டும், குத்துக்கு, அதாவது நடுகிற ஒவ்வொரு இடத்துக்கும், நாலைந்து வைக்க வேண்டும், வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டும். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஓரளவு விளைந்துகொண்டிருந்ததால் கேட்கத் தோன்றவும் இல்லை.

மடகாஸ்கரில் லொலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் விவசாயிகளோடு பல வருஷம் நெல்லைக் கவனித்து வந்தார். 1983இல் வறட்சி வந்தபோது, முற்றும்வரை காத்திராமல் 15 நாள் நாற்றையே நட்டார்கள். அது தூர் வெடித்த வேகம்தான், அதாவது அடியிலிருந்து பக்கத்தண்டுகள் கிளைத்த வேகம்தான், அவரை யோசிக்க வைத்தது. ஒற்றை நாற்று நடவு என்று நம் ஊருக்கு வந்தது அந்த முறைதான்.

நான் வடக்குப் பக்கம் ஒரு மா நிலத்தில், அதாவது ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில், மட்டும் அதை வைத்தேன். ஏக்கருக்கு மூன்று கிலோ கணக்கில் விதை, 14 நாள் நாற்று, கோடு போட்டு 25 செ.மீ.க்கு ஒன்று. நடவாட்கள் முணுமுணுத்தார்கள். முதல் இரண்டு வாரம் வயல் வெறுமையாகத்தான் கிடந்தது. வரப்பில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு குத்தைப் பிடுங்கி வாய்க்காலில் அலசினேன். வேர் வெள்ளைவெளேரென்று, கை கொள்ளாமல் இருந்தது. பக்கத்து வயல் குத்தில் வேர் கறுத்து, பாதி அழுகியிருந்தது. என் குத்தில் தூரை எண்ணினால் முப்பதைத் தாண்டியது.

காரணம் பிறகு புரிந்தது. நெல் இளசிலேயே தூர் கட்டத் தொடங்குகிறது. நாற்றங்காலில் நெருக்கி வைத்திருந்தால் அந்தத் தூர்கள் அங்கேயே போய்விடும். வயலில் நிற்கிற தண்ணீரை நெல் தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். நிற்கிற தண்ணீரின் முக்கிய வேலை களையை அடக்குவது. தண்ணீரைக் குறைத்தால் களை கிளம்பும், களையை அமுக்கிவிடும் உருளைக் கருவியான கோனோ வீடரை உருட்டியே ஆக வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை அது, மறைக்கமாட்டேன்.

பள்ளக்கால் வயலில் சம்பாவுக்கு இன்றும் முற்றிய நாற்றைத்தான் நடுகிறேன். ஐப்பசி மழையில் அங்கே தண்ணீர் வடியாது, இளநாற்று மூழ்கிவிடும். பழைய முறைக்கும் ஒரு இடம் உண்டு. அதனால் அந்த டீச்சர்களை எதிரியாக நினைக்காதே. வாய்பாடு தெரியாத பிள்ளை காகிதம் மடித்தும் திணறும்.

ஒரு பிரிவில் மட்டும் உன் முறையில் நடத்து. மற்றதில் அவர்கள் சொன்னபடியே போகட்டும். முதல் சில வாரம் வகுப்பில் இரைச்சல் இருக்கும், பாடம் பின்தங்கும். அதைத் தலைமையாசிரியரிடம் முன்னாடியே சொல்லி வை. அந்த வாரங்களில் பயந்துபோய்ப் பாதியில் விட்டுவிடாதே என்பதுதான் நான் உன்னிடம் கேட்பது. எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று தினமும் நோட்டில் எழுது.

பரீட்சை முடிந்ததும் இரண்டு பிரிவு மார்க்கையும் எனக்கு அனுப்பு. குறைந்திருந்தாலும் அனுப்பு, எங்கே பிசகியது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா