உரப்பையில் வந்த பதிவேடு: பழைய மாணவர் சங்க நிருவாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிருவாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எமது சஞ்சிகையின் ஆசிரியர் குழுக் கோப்புகள் பற்றி இவ்வருடம் நான் எழுதிய மூன்று கடிதங்களும் தங்கள் கைக்குக் கிடைத்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. மூன்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றுக்கும் கையொப்பமிட்ட அட்டை திரும்பி வந்தது. பதில் மட்டும் வரவில்லை. ஆகவே நான்காவது கடிதத்தை எல்லாரும் வாசிக்கக்கூடியதாக எழுதுகிறேன்.

நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். மண்டபத்துக்கு வர்ணம் பூசுவதற்காகப் பின்னறையிலிருந்த இரண்டு இரும்பு அலுமாரிகளும் வெறுமையாக்கப்பட்டு, உள்ளிருந்தவை கட்டுக்கட்டாகச் சைக்கிள் கொட்டிலுக்குக் கொண்டுபோகப்பட்டன. வர்ணம் காய்ந்தது, திறப்பு விழாவும் நடந்து முடிந்தது, அலுமாரிகள் இப்போது கேடயங்களைத் தாங்கி நிற்கின்றன, கட்டுகளோ இன்னும் கொட்டிலிலேயே கிடக்கின்றன. என் வேண்டுகோள் சிறியது: அந்தக் கட்டுகளில் எவையெவை உள்ளன என்று ஒரு பட்டியல் எடுங்கள், பட்டியல் எடுத்து முடியும்வரை ஒரு தாளையும் அங்கிருந்து அகற்றாதீர்கள்.

இந்த வேண்டுகோள் எங்கிருந்து பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன்பு கோப்பாயிலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். அவருடைய தமையனார் காலமாகி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. 31ஆம் நாள் வெளியிடவிருந்த கல்வெட்டு என்னும் நினைவு நூலில் அவருடைய கவிதைகளையும் சேர்க்க வேண்டுமென்பது குடும்பத்தவரின் விருப்பம். “அண்ணர் உங்கட புத்தகத்தில எழுதினவர் எண்டு தெரியும் ஐயா, என்ன பேரில எழுதினவர் எண்டுதான் தெரியாது” என்றார். எனக்கும் தெரியாது. நான் இணையாசிரியராகச் சேருவதற்கு முந்திய ஆண்டுகளில் அவர் எழுதியிருக்கிறார். அந்த ஆண்டுகளின் இதழ்களைப் புரட்டினால் புனைபெயர்கள் மட்டும் முப்பதுக்கு மேல் தேறும்.

அக்காலத்தில் ஏன் இத்தனை புனைபெயர்கள் என்று இளையவர்கள் கேட்கக்கூடும். தெற்கே படித்துப் பட்டம் பெற்று ஊர் திரும்பி, போரினால் யாழ்ப்பாணத்துக்கான பாதை பூட்டிய பின்னர் இங்கேயே நின்றுவிட்ட நாங்கள், ஒருவரையொருவர் மறந்துவிடாதிருக்கவே இச்சஞ்சிகையைத் தொடங்கினோம். ஆனால் எழுதியது எந்தத் தரப்பின் கண்ணில் எப்படிப் படும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதிருந்தது. ஆகவே முதலாவது ஆசிரியர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். வந்து சேரும் ஒவ்வொரு படைப்பும் நீள்சதுரப் பதிவேடொன்றில் ஏறும்: கிடைத்த திகதி, தலைப்பு, புனைபெயர், உண்மைப் பெயர், குழுவின் முடிவு. உண்மைப் பெயரை எழுதிய கையோடு, அதன்மேல் விரலகலக் கடதாசித் துண்டொன்றை ஒரு விளிம்பில் மட்டும் கோதுமை மாப் பசை தடவி ஒட்டிவிடுவார். தூக்கிப் பார்த்தால் பெயர் தெரியும். தூக்கிப் பார்க்கும் உரிமை ஆசிரியருக்கு மட்டுமே இருந்தது. அந்த அம்மா தேடி வந்த பெயர் அப்படியொரு துண்டின் கீழே இருக்கிறது, அல்லது இருந்தது.

நெல்லியடியிலிருந்து பேருந்தேறி முதல் தடவை வந்தபோது, செயலாளரின் கடிதம் இல்லாமல் கோப்புகளைப் பார்க்க முடியாது என்றார்கள். இரண்டாந் தடவை கடிதத்தோடு வந்தேன்; திறப்பு பொருளாளரிடம், பொருளாளர் கொழும்பில் என்றார்கள். மூன்றாந் தடவை திறப்பும் கிடைத்தது, அலுமாரியும் திறந்தது, உள்ளே கேடயங்கள் இருந்தன. கோப்புகள் கொட்டிலுக்குப் போன செய்தியை எனக்குச் சொன்னவர் காவலாளிதான். அன்று 27ஆம் நாள். அச்சகத்தில் பக்கங்களைப் பூட்டிவிட்டார்கள். அந்தக் கல்வெட்டின் ஒரு பிரதி இப்போது என் மேசையில் இருக்கிறது. தேவாரம் இருக்கிறது, வம்சாவளி இருக்கிறது, நன்றி நவிலல் இருக்கிறது. கவிதைகள் வர வேண்டிய இடத்தில் “அன்னார் சிறந்த இலக்கிய ஆர்வலராகவும் திகழ்ந்தார்” என்று ஒரேயொரு வரி இருக்கிறது.

கொட்டிலில் நான் கண்டதையும் தாங்கள் அறிய வேண்டும். கட்டுகள் வெறுஞ் சீமெந்துத் தரையில் கிடந்தன. சுவரிலிருந்து இறங்கிய கறையான் புற்றுவரி இரண்டு கட்டுகளின் அடியிலே போய் மறைந்தது. குண்டூசிகள் துருவேறி, அவை குத்தியிருந்த மூலைகளில் தாள் பழுப்புத் தூளாக உதிர்ந்தது. கடித உறைகளில் பலவற்றின் முத்திரைகள் கத்தரிக்கப்பட்டிருந்தன. முத்திரை சேர்க்கும் பிள்ளை எவரேனும் வந்திருக்க வேண்டும். பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் முத்திரையோடு தபால் நிலையத்தின் திகதிக் குறியும் போய்விட்டது, திகதி எழுதாத கடிதங்களுக்கு அதுவொன்றே ஆதாரமாக இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் இல்லாமல் அப்பியாசக் கொப்பிகளின் கோடிட்ட தாளில் இதழ் அடித்தோமே, அந்த இதழ்களின் ஒப்புநோக்கற் படிகளும் அங்கே கிடந்தன. வெளிநாட்டு நண்பர்கள் கொழும்புக்குத் தொலைநகலில் அனுப்பி எமக்குக் கைமாறி வந்த கடிதங்கள் வெப்பத்தாளில் அச்சாகியவை. அவற்றில் சில ஏற்கெனவே வெறுந்தாளாகிவிட்டன. சப்பாத்துப் பெட்டியொன்றில் மூன்றரை அங்குலப் புளொப்பிகள் இருந்தன. தட்டொன்றுக்கு 1.44 மெகாபைட், எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பக்கங்கள். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றாமல் திறந்தால் திரையில் ஆங்கில எழுத்துகளின் குவியலே தெரியும். மாற்றுவது பெரிய வேலையல்ல, தகரக் கூரையின் வெக்கையில் தட்டுகள் பழுதாகாமல் இருந்தால்.

பதிவேட்டை அங்கே காணவில்லை. அது தொலைந்துவிட்டது என்று எழுதக்கூட எனக்கு வழியில்லை. எத்தனை கட்டுகள் கொட்டிலுக்குப் போயின, அவற்றில் எத்தனை அங்கேயே நிற்கின்றன, பழைய கடதாசி நிறுத்து வாங்கும் வியாபாரி அந்தக் கிழமையில் வந்தபோது எவற்றைக் கொண்டுபோனார் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒருவராலும் விடை சொல்ல முடியவில்லை. பட்டியல் இல்லாத இடத்தில் களவும் இல்லை, இழப்பும் இல்லை, பொறுப்பாளரும் இல்லை. இது சிலருக்கு வசதியாகக்கூட இருக்கலாம்.

அந்தப் பதிவேடு இதற்கு முன்னும் ஒரு தடவை இடம் மாறியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் நெருங்கிவந்த வேளையில், குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதும் வீதியில் இறங்கி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, முதலாவது ஆசிரியர் தமது சைக்கிள் கரியரில் ஓர் உரப்பையைக் கட்டியிருந்தார். அதற்குள் பதிவேடும் கூட்டக் குறிப்புகளும் இன்னும் அச்சேறாத சில கையெழுத்துப் பிரதிகளும் இருந்தன. அவருக்குப் பின்னால் என் சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் வந்தேன். மழை கனத்தபோது தாம் போர்த்திருந்த பொலித்தீனைக் கழற்றிப் பையைச் சுற்றிக் கட்டினார். சில மைல் தூரத்துக்கு இரவு முழுவதும் நடந்தோம். கொடிகாமத்தில் பாடசாலை விறாந்தையொன்றில் ஏறத்தாழ ஆறு மாதம் அந்தப் பை அவருடைய தலைமாட்டில் இருந்தது. மறு ஆண்டு ஊர் திரும்பியபோது அவருடைய வீட்டில் கதவு நிலைகூட மிஞ்சவில்லை, ஆனால் பதிவேட்டில் ஒரு தாளும் குறையவில்லை. அவர் இன்று இல்லை. பாலத்தைக் கடந்து போய்க் கடந்து வந்த அந்தப் புத்தகம், மண்டபத்துக்கு வர்ணம் பூசுவதற்காக இருபது யார் தூரம் நகர்த்தப்பட்டபோது எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறேன்.

“எல்லா இதழும் ஸ்கான் பண்ணிப் போட்டாயிற்றே” என்று குழு உறுப்பினர் ஒருவர் என்னிடம் சொன்னார். உண்மைதான், அதற்கு நன்றியும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அச்சான இதழுக்கு ஐந்நூறு பிரதி இருந்தது. ஒன்று தொலைந்தால் இன்னொரு வீட்டுப் பரணில் தேடலாம். ஆசிரியர் கோப்புக்கு ஒரே பிரதிதான். எந்தக் கட்டுரையை ஏன் பாதியாக வெட்டினோம், எந்தக் கதையை மூன்று கூட்டங்களில் விவாதித்து ஈற்றில் திருப்பி அனுப்பினோம், தலையங்கத்தில் ஒரு சொல்லுக்காக யார் குழுவை விட்டு விலகினார் என்பவையெல்லாம் அங்கேதான் உள்ளன. அவற்றில் என் பிழைகளும் உண்டு. நல்ல கதையொன்றைத் திருப்பி அனுப்பிய கடிதத்தின் காபன் பிரதியில் என் கையொப்பமே இருக்கிறது. அதையும் சேர்த்தே பாதுகாக்கச் சொல்கிறேன்.

இன்னொருவர், அவை அந்தரங்கக் கோப்புகள், பலருக்கும் திறந்துவிட முடியாது என்றார். இது நியாயமான கவலை, இந்த மடலில் நான் மறுக்க விரும்பாத ஒரே வாதமும் இதுவே. புனைபெயரில் எழுதியவர் உயிரோடிருந்தால் அவரின் சம்மதம் வேண்டும், காலமாகியிருந்தால் குடும்பத்தினரின் சம்மதம் வேண்டும், இரண்டும் இல்லாத பெயர்கள் துண்டின் கீழேயே இருக்கட்டும். ஆனால் அந்தரங்கம் என்று அலுமாரிக்குப் பூட்டுப் போட்டவர்கள், அதே அந்தரங்கத்தைக் கதவில்லாத கொட்டிலில் எவரும் புரட்டும்படி போட்டு வைத்ததற்கு என்ன விளக்கம் சொல்வார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

மண்டபத்து வாசலில் புதிதாகப் பதித்த சலவைக்கல்லை அன்று நின்று வாசித்தேன். ஒன்பது பெயர்கள், பட்டங்களோடு, பொன்னெழுத்தில். அவற்றைப் பதிவேட்டில் எழுதியிருந்தால் எந்தக் கொட்டிலில் கிடந்திருக்குமோ, கல்லில் வெட்டியது புத்தியான காரியம். திறப்பு விழாவை ட்ரோனில் படம் பிடித்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். மேலேயிருந்து பார்த்தபோது கொட்டிலின் தகரமும் தெரிந்திருக்கும்.

ஆண்டுதோறும் யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்காக விளக்கேற்றுகிறோம். 1981 மே 31 இரவு மூண்ட தீயில் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலானதை எமது சங்க மேடையிலேயே தலைவர் உருக்கமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். அந்த உருக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. எரித்தவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை எமக்கு முழுமையாக உண்டு. கறையானைக் கேள்வி கேட்பது யார் என்பதைத்தான் அந்த மேடையில் எவரும் சொல்வதில்லை.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததிலிருந்து விலகிவிட்டேன்.

செய்ய வேண்டியது இவ்வளவே. ஐப்பசி மழைக்கு முன்னர் கட்டுகளைத் தரையிலிருந்து தூக்கிப் பலகையில் வையுங்கள். ஊசிகளைக் கழற்றுங்கள். தாள்களை வெயிலில் காயப்போட வேண்டாம். கறையான் மருந்தைத் தாளில் நேரே தெளிக்க வேண்டாம். பதிவேடு கிடைத்தால் அதை லமினேற் செய்யலாம் என்று எவரோ சொன்னதாக அறிந்தேன், தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள், சூடு காட்டி ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு தாளைக் கிழிக்காமல் எடுக்க முடியாது. எண்ணிமப்படுத்தும் வேலைக்கு 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனத்தை அணுகலாம். ஈழத்து இதழ்களையும் ஆவணங்களையும் கையாண்ட அனுபவம் அவர்களுக்கு உண்டு. ஆனால் அது இரண்டாவது வேலை. முதலாவது வேலை பட்டியல். எந்தக் கட்டு, எந்த ஆண்டு, எத்தனை தாள், என்ன நிலை என்று நான்கு நிரல் கொண்ட ஒரு கொப்பி போதும். கொப்பியை நானே வாங்கி வருகிறேன். எழுபது வயதைக் கடந்தவன்தான், எனினும் அந்தக் கையெழுத்துகளை இன்னும் இனங்காணக்கூடிய ஒரு சிலரில் நானும் ஒருவன். ஒரு மேசையும், பாரம் தூக்க இரண்டு இளைஞர்களும், கிழமையில் ஒரு நாளும் தந்தால் இரண்டு மாதத்தில் முடித்துத் தருவேன். வேதனமோ பொன்னாடையோ வேண்டாம்.

கோப்பாய் அம்மாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அண்ணரின் ஆட்டைத் திவசம் வருகிற மாசியில் வருகிறது. அதற்குச் சிறு புத்தகமொன்று போடலாம் என்று இருக்கிறார்கள், அச்சகத்துக்குத் தையில் கொடுக்க வேண்டுமாம். கொட்டிலில் வேலையைத் தொடங்க எந்த நாளில் வரலாம், யாரைச் சந்திக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முகவரி தங்களிடமுள்ள மூன்று கடிதங்களிலும் இருக்கிறது.

இங்ஙனம்,
சஞ்சிகையின் முன்னாள் இணையாசிரியர்,
கரவெட்டி.