இந்த ஏப்ரலில் நான் வரவில்லை, ஐயா

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சுகர் கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரையை விடுவதில்லை.

ஏப்ரலுக்கு மெல்போர்ன் டிக்கெட் போடவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் ஐயா. போனில் சொன்னால், அப்பா இருந்த வீட்டை விட்டு வர அம்மாவுக்கு மனசில்லை என்று நீ எடுத்துக்கொள்வாய், தன்மேல் ஏதோ வருத்தம் என்று மருமகள் நினைப்பாள், அதனால்தான் விளக்கமாக எழுதுகிறேன். இரண்டுமே இல்லை. நான் போகாவிட்டால் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஆட்கள் இப்போது எனக்கு இங்கே இருக்கிறார்கள்.

அப்பா அடக்கத்துக்கு வந்த நீ லீவு முடிந்து கிளம்பின பிறகு நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. நினைவு ஆராதனை வரைக்கும் வீடு நிறைய ஆள், அப்புறம் ஒருத்தரும் இல்லை. கோவிலில் ஆண்கள் பக்கம் திரும்பவே முடியாது. பாமாலை பாடும்போது அப்பா குரல் மட்டும் கீழே தனியாகக் கேட்குமே, அது இல்லாமல் அந்தப் பாட்டுகளைக் கேட்கத் தாங்காமல் பாதி ஆராதனையில் எழுந்து வந்திருக்கிறேன்.

அதைவிட வலித்தது ஒன்று உண்டு. சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். தட்டை எடுத்து வைக்கலாம் என்று எழுந்தேன். "நீங்க உட்காருங்க மதினி" என்று என் கையிலிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். வேதம் வாசித்து, ஜெபம் பண்ணி ஆரம்பிக்கிற வீடு அது! எத்தனை தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்று வந்தாலும் இந்த ஒன்று மட்டும் நம் ஜனங்களை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அது பாவம். இப்போது யார் வீட்டிலும் வாய் திறந்தே சொல்கிறேன்.

நம் சபைக் குருவானவர் மனைவி, நம் ஐயரம்மா, வீட்டுக்கு வந்தது அதற்கப்புறம்தான். கர்த்தர் கொடுத்தார் கர்த்தர் எடுத்தார் என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்த வசனத்தின்மேலேயே கோபம் வந்திருந்த நேரம். அவர்கள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாறேன், மாற்கு சுவிசேஷத்தை முதலிலிருந்து வாசிப்போம், ஒரு நோட்டு வாங்கி வையுங்க" என்றார்கள், அவ்வளவுதான். வாசித்து முடித்ததும் இரண்டே கேள்வி கேட்பார்கள். இந்தப் பகுதியில் இயேசு என்ன செய்தார்? இந்த வாரம் நீங்க அதில் எதைச் செய்யப் போறீங்க? ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கினவள் நான், சபையில் திடப்படுத்தல் எடுத்தவள், கோவில் அசன விருந்துக்குக் காய் நறுக்காத வருஷம் கிடையாது. ஆனாலும் அந்த இரண்டாவது கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை ஐயா. சீஷத்துவம், இயேசுவைப் பின்பற்றி நடப்பது என்று பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அது என் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அப்போதுதான்.

அந்தக் கேள்விக்கு நான் கொடுத்த முதல் பதில், சமைக்கும்போது கோவிலுக்கென்று எடுத்து வைக்கிற கைப்பிடி அரிசியில் ஒரு பையை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்கு ஒரு பிள்ளையைப் பார்க்கப் போனது. புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்துப்போனான், இரண்டு சின்னப் பிள்ளைகள், அவளுக்கு உன் வயதுகூட இருக்காது. நான் என்ன சொல்வது, அவளும் என்ன சொல்வாள், இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் கேட்டால் வாரிசுச் சான்றுக்கே எழுதிப் போடவில்லை, எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்தேன். விதவை ஓய்வூதியத்தை 2023இல் மாசம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள், உங்கள் ஊர்க் கணக்கில் அது ஒன்றுமில்லை, அவளுக்கு அது கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற தைரியம். இப்போது அவளும் நானும் மாற்கு வாசிக்கிறோம். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்து உட்காருகிறார்கள், ஒருத்திக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், அவள் வாசிக்கும்போது நாங்கள் அவசரப்படுத்துவதில்லை.

லூக்கா சுவிசேஷத்தில் அன்னாள் என்று ஒரு விதவை வருகிறாளே, எண்பத்துநாலு வயது, ஆலயத்தை விட்டு நீங்காமல் உபவாசித்து ஜெபித்தவள். என்னைப் போன்றவர்களுக்கு அவளைத்தான் உதாரணம் காட்டுவார்கள், ஒரு மூலையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டிரு என்கிற அர்த்தத்தில். அடுத்த வசனத்தை ஏனோ விட்டுவிடுகிறார்கள். குழந்தை இயேசுவைப் பார்த்ததும் அவள் மீட்புக்காகக் காத்திருந்த எல்லாரிடமும் போய்ப் பேசினாள்.

கிளாரிந்தா ஆலயம் உனக்கு ஞாபகம் இருக்கும், பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோவிலுக்குப் போகும்போது அப்பா காட்டுவார்கள். அதைக் கட்டின கிளாரிந்தா தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்தியப் பிராமண விதவை. தன்னை ஆதரித்த ஆங்கிலேய அதிகாரியோடு கல்யாணமில்லாமல் இருந்ததால் முதலில் ஞானஸ்நானம் இல்லை என்றுவிட்டார்கள். அந்த மனிதரும் இறந்துபோனார். 1778இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோதுதான் கிடைத்தது. அழுதுகொண்டு உட்கார அந்த அம்மாவுக்கு எவ்வளவோ காரணம் இருந்தது. ஆனால் 1780இல் எழுதின சபைப் பதிவேட்டில் 40 பேர், 1785இல் அவர்கள் கட்டின கோவில் பிரதிஷ்டை. நம் திருநெல்வேலித் திருமண்டலத்துச் சபைகளின் ஆரம்பமே அதுதான். என் கையிலிருந்து தட்டை வாங்கினவர்கள் ஞாயிற்றுக்கிழமை முழங்கால் போடுகிற சபை ஒரு விதவையிடமிருந்து தொடங்கினது என்பதை என்னோடு மாற்கு வாசிக்கிற அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அவர்கள் முகம் மாறுவதை நீ பார்க்க வேண்டும்.

துக்கம் போய்விட்டதா என்றால், இல்லை. அப்பா சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. சில ராத்திரி தூக்கமே வராது. ஆனால் காலையில் எழுந்து போக ஒரு இடம் இருக்கிறது, அங்கே என் கண்ணீரை மறைக்க வேண்டியதும் இல்லை.

உன்னைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். அடக்கத்துக்கு அப்புறம் நீ அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நான் பேச்செடுத்தாலும் மாத்திரை, கரண்ட் பில் என்று போய்விடுகிறாய். மருமகளிடமாவது பேசுகிறாயா? பாரம் உனக்கும் இருக்கும், எனக்குத் தெரியும். டிசம்பரில் நீங்கள் மூன்று பேரும் வாருங்கள், அந்தப் பிள்ளைகளையும் வந்து பார். அதுவரைக்கும் வாரத்தில் ஒரு நாள் போனிலேயே மாற்கு வாசிப்போமா, நீயும் நானும் மட்டும்? உனக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று எழுது.

உன் அம்மா