மண்டபத்து வாட்ச்மேன் அய்யாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

தோழர்களே, உறவுகளே,

ஜாமீன் கிடைத்து நேற்று இரவு எல்லோரும் வீடு வந்து சேர்ந்தோம். சாலை மறியல் செய்த எங்களைக் கைது செய்து கல்யாண மண்டபத்தில் அடைத்ததும், பிறகு எங்களில் சிலரைச் சிறைக்குக் கொண்டுபோனதும் உங்களுக்கே தெரியும்.

பைசா வாங்காமல் வாதாடிய வழக்கறிஞர்கள், முன்பின் தெரியாத எங்களுக்காக ரேஷன் கார்டும் வீட்டுவரி ரசீதும் எடுத்துக்கொண்டு ஜாமீன்தாரராக வந்தவர்கள், சிறை வாசலில் மாற்றுத்துணியோடு காத்துக் கிடந்தவர்கள், கண்டன அறிக்கை விட்ட சங்கங்கள் எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகச் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லியே ஆகவேண்டும். எங்களை அடைத்துவைத்த கல்யாண மண்டபத்தின் வாட்ச்மேன். சாயங்காலம் விட்டுவிடுவார்கள், அதுதானே வழக்கம் என்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். இருட்டியும் விடவில்லை. செல்போன்களை ஏற்கெனவே பிடுங்கியிருந்தார்கள். கைதானவரின் வீட்டுக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல். பிறகு அது சட்டத்திலேயே ஏறிவிட்டது. கேட்டால், "சொல்லிக்கலாம்மா, உட்காருங்க" என்றார்கள்.

தண்ணீர் கேன் மாற்ற வந்த அய்யா என் பக்கத்தில் குனிந்து, "பாப்பா, வீட்டு நம்பர் சொல்லு" என்றார். கையில் யார் கல்யாணத்திலோ மிஞ்சிய மொய் நோட்டு. பெயர், ஊர், தொகை என்று கோடு போட்ட பக்கங்கள். தொகை எழுதும் கட்டத்தில் போன் நம்பர்களை எழுதிக்கொடுத்தோம். சமையல்கட்டுக்குப் பின்னால் நின்று, தன் பட்டன் போனில் வீடு வீடாகப் பேசினார். என் அம்மாவிடம், "பொண்ணு நல்லா இருக்கு, சாப்பிட்டுச்சு, அழாதீங்க" என்றிருக்கிறார். (சாப்பிடவில்லை. அந்தப் பொய்க்கும் நன்றி அய்யா.)

இத்தனைக்கும் அவர் எங்கள் கட்சி இல்லை. "நீங்க ரோட்டை மறிச்சா என்னை மாதிரி ஆளு எப்படி வேலைக்குப் போறது?" என்று எங்களிடமே சண்டைக்கு நின்றார். பேசவும் ஆயுதமின்றிக் கூடவும் அரசியலமைப்பின் 19-வது பிரிவு தந்த உரிமை என்று மேடையில் முழங்குகிறோம். 144 தடையுத்தரவு போட்டு (புதிய சட்டத்தில் இப்போது அது 163-வது பிரிவு, வாயில் வருவது இன்னும் 144தான்) கூட்டத்தைக் கலைக்கிற அதிகாரிகள் பொதுமக்களுக்கு இடையூறு என்று எழுதுகிறார்களே, அந்தப் பொதுமக்களில் ஒருவர்தான் எங்களோடு மல்லுக்கட்டினார், எங்களுக்காகப் போனும் பேசினார். அவர் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் எங்களில் சிலரைப் பிரித்து வேனில் ஏற்றிவிட்டார்கள்.

பெயரை எழுதினால் வேலை போய்விடும் என்பதால் எழுதவில்லை. நிபந்தனை ஜாமீன், தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். அது தளர்ந்ததும் மண்டபத்துக்குப் போய் அந்த ரோடு மறியல் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடரப்போகிறேன். அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது.