சுருட்டை முடியை நேராக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் வரும் கூந்தல் பராமரிப்புக் குறிப்புகளைத் தவறாமல் படித்து வருகிறேன். சுருட்டை முடியைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம், அது அடக்கி வைக்க வேண்டிய ஒரு தொல்லையாகவே அவற்றில் சித்திரிக்கப்படுகிறது. காலையும் மாலையும் நன்றாகச் சீவுங்கள், எண்ணெய் வைத்துப் படிய வாருங்கள், அதற்கும் படியாவிட்டால் பார்லருக்குச் சென்று ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொள்ளுங்கள் என்பதோடு குறிப்பு முடிந்துவிடுகிறது. எனக்கும் என் இரண்டு மகள்களுக்கும் சுருட்டை முடி. தூத்துக்குடியின் உப்புக்காற்றிலும் போர்வெல் தண்ணீரிலும் அதைப் பேணி வருபவள் என்ற முறையில், இந்த அறிவுரைகள் முடியின் இயல்புக்கே மாறானவை என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நேரான முடியில், தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை வேரிலிருந்து நுனிவரை தடையின்றி இறங்கிவிடுகிறது. சுருண்டு வளரும் முடியில் அது வளைவுக்கு வளைவு தங்கி, நுனியை எட்டுவதற்குள் தீர்ந்துபோகிறது. உச்சந்தலை பிசுபிசுப்பாகவும் நுனி தேங்காய் நார் போலவும் இருப்பதற்கு இதுவே காரணம். அப்படி வறண்டிருக்கும் முடியை, உலர்ந்த நிலையில், நெருங்கிய பல் சீப்பால் இழுத்தால் சேர்ந்திருந்த சுருள்கள் பிரிந்து ஒவ்வோர் இழையும் தனியே விரைத்து நிற்கும். 'பரட்டைத் தலை' என்று பெண் குழந்தைகளைக் கேலி செய்கிறார்களே, அந்தக் கோலம் பெரும்பாலும் சீப்பின் வேலைதான்.

ஈரத் தலையைச் சீவக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஈரமான இழை எளிதில் இழுபட்டு அறும். ஆனால் சுருட்டை முடியை உலர வைத்துச் சிக்கெடுத்தால் சேதம் அதைவிட அதிகம் என்பதால், ஈரத்தோடு வழுவழுப்பையும் சேர்த்துக்கொள்வதே வழி. தலை அலசியதும் முடியை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் நடுப்பகுதியிலிருந்து நுனிவரை கண்டிஷனரைத் தாராளமாகத் தடவ வேண்டும். தலைத்தோலில் படத் தேவையில்லை. முதலில் விரல்களாலும், பிறகு அகலப்பல் சீப்பாலும் நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். சிக்குக்கு மேலே முடியை மறுகையால் இறுகப் பிடித்துக்கொண்டால் வேரில் இழுப்பு விழாது, குழந்தையும் அழாது. கண்டிஷனர் வாங்க இயலாதவர்கள் ஒரு கைப்பிடி செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கிப் பிழிந்து, துணியில் வடிகட்டினால் கிடைக்கும் வழுவழுப்பான சாற்றைப் பயன்படுத்தலாம். இரவில் ஊறவைத்த வெந்தயத்தின் கொழகொழப்பான நீரும் உதவும். ஆனால் வெந்தயத்தை அரைத்து அப்படியே பூசும் வழக்கம் சுருட்டை முடிக்கு ஆகாது. சுருளுக்குள் புகுந்த திப்பியை எடுப்பதற்கு இன்னொரு முறை தலைக்குக் குளிக்க வேண்டியிருக்கும்.

சிகைக்காய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சிகைக்காய் நல்ல பொருள்; அழுக்கை எடுக்கும் நுரை அதில் இயற்கையாகவே இருக்கிறது, குளியல் சோப்பைப் போன்ற காரமும் அதில் கிடையாது. ஆயினும் சொரசொரப்பான தூளைச் சுருட்டை முடியில் வைத்துத் தேய்த்தால் இழையின் மேலடுக்கு உராய்ந்து சிக்கு கூடுகிறது. காயைக் கொதிக்கவைத்து, வடித்த நீரைத் தலைத்தோலில் மட்டும் ஊற்றித் தேய்த்துவிட்டு, வழிந்து வரும் நீரே நுனியைக் கழுவட்டும் என்று விடுவது போதும். ஷாம்புவையும் அவ்வாறே, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் போகாமல் பயன்படுத்தலாம். சோப்பை மட்டும் தலையில் போடவே வேண்டாம். கடினநீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாக முடியில் ஒட்டிக்கொள்கின்றன. எங்கள் ஊர் வாளிகளின் விளிம்பில் படிவதைப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று விளங்கும்.

எண்ணெய் வேண்டும்தான், ஆனால் குளிப்பதற்கு முன்பு. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளிவந்த ஆய்வொன்று, முடியிலிருந்து புரதம் கழுவிப்போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்ததாகக் கண்டது. அதைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனமொன்றின் ஆய்வாளர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எப்படியாயினும், தலைக்குக் குளித்து உலர்ந்த சுருள்மீது வழிய வழிய எண்ணெய் பூசுவது, தூசியைச் சேர்ப்பதைத் தவிர வேறு பயன் தருவதில்லை.

குளித்தபின் டர்க்கி டவலால் தலையைத் துவட்டுவதையும் விட்டுவிட வேண்டும். பழைய பருத்தி வேட்டித் துணியால், நுனியை உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கிப் பிழிந்தெடுத்தால் சுருள் கலையாது. ஈரம் சொட்டும்போதே ஆளிவிதைக் கூழைத் தடவிவிட்டால் அந்த வடிவம் காற்றில் கலையாமல் நிற்கும். கால் கப் ஆளிவிதையை இரண்டு கப் தண்ணீரில் கொதிக்கவிட்டு, முட்டையின் வெள்ளைக்கரு போல நூல் விடும் பதத்தில் இறக்கிச் சூடாக இருக்கும்போதே வடிகட்ட வேண்டும். ஆறினால் துணியை விட்டு இறங்காது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். உலர்ந்ததும் முடி சற்று மொறுமொறுப்பாகத் தெரிந்தால், உள்ளங்கையில் ஒரு சொட்டு எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு மெதுவாகக் கசக்கிவிட்டால் சரியாகிவிடும். அதன்பிறகு சீப்பைத் தொடக் கூடாது.

இவ்வளவு எளிய வழி இருக்கும்போது ஸ்ட்ரெய்ட்டனிங்கைச் சர்வசாதாரணமாகப் பரிந்துரைப்பது எனக்குக் கவலையளிக்கிறது. முடியின் புரதப் பிணைப்புகளை ரசாயனத்தால் உடைத்து நேராக்கினாலும் வேரிலிருந்து வளர்வது சுருண்டே வளரும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை அந்தச் செலவும் ரசாயனமும் தொடர்கின்றன. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டில் நான்கு முறைக்கு மேல் இத்தகைய பொருள்களைப் பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. இவைதான் காரணம் என்று அது நிறுவவில்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்துவிடும் காலத்தில் அலட்சியம் செய்யத்தக்க செய்தியும் அல்ல. கிளையாக்சிலிக் அமிலம் என்ற ரசாயனம் கலந்த நேராக்கும் கலவைகளைப் பூசிக்கொண்டபின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இஸ்ரேல், பிரான்ஸ் நாடுகளின் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

பள்ளிகளிடமும் ஒரு வேண்டுகோள். இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டச் சொல்வதை நான் குறை கூறவில்லை. பேன் பரவாமல் இருக்க அது நல்லது. ஆனால் நெற்றியோரத்துச் சுருள்கூட வெளியே தெரியக் கூடாது என்று இறுக்கிப் பின்னச் சொல்வதால் காதோரத்திலும் நெற்றியிலும் முடி மெலிந்து உதிர்கிறது. சடை தளர்வாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு பின்னி அனுப்பும் வழக்கத்தைப் பெற்றோர்களும் மாற்றிக்கொள்ளலாம். சுருட்டை முடி உலர அதிக நேரம் பிடிக்கும். சனிக்கிழமைதான் அதற்கு ஏற்ற நாள்.

அடுத்த முறை இப்பொருள் பற்றி மகளிர் பக்கத்தில் எழுதும்போது தோல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, நேராக்கும் கலவைகளின் அட்டையில் எந்தெந்த ரசாயனப் பெயர்களைப் பார்த்து விலக்க வேண்டும் என்பதைத் தமிழிலேயே அச்சிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பார்லர் நாற்காலியில் உட்காரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் அதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தூத்துக்குடி.