தோலும் கம்பியும் தொடுகிற இடம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் வரைகிற ஈ.சி.ஜி. மெசின் தானே கோடு போடுகிறது, தானே வாசித்தும் சொல்கிறது, பிறகு எங்களுக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். தோலும் கம்பியும் தொடுகிற இடம்தான் மகள் உன்னுடைய வேலை. இந்த வரலாற்றில் பாதி, அந்த இடத்தோடு மனிதர் பட்ட பாடு.

1856இல் கொலிக்கர், முல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் துடிக்கிற இதயத்தின் மேல் தவளைக் காலின் நரம்பைக் கிடத்தினார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் கால் வெட்டி இழுத்தது. அன்றைக்குக் கம்பியும் மெசினும் அந்த நரம்புதான். 1887இல் லண்டனில் வாலர் என்ற ஆய்வாளர், நெஞ்சைத் திறக்காமலே மனிதனின் துடிப்பைப் பதிந்தார். மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் ஏறி இறங்கும், அதன் நிழல் நகர்கிற படத்தகட்டில் விழும். ஆனால் பாதரசத்துக்குப் பாரம் உண்டு, வேகமான அசைவோடு ஓட மாட்டாது. நெதர்லாந்தின் லைடனில் ஐந்தோவன் என்ற ஆய்வாளர் அந்தப் பிந்தலைக் கணக்கில் திருத்தி, 1895இல் திருத்திய கோட்டின் மேடுபள்ளங்களுக்கு பி, கியூ, ஆர், எஸ், ரி என்று பெயர் வைத்தார். நீ இன்றைக்குச் சொல்வதும் அதே எழுத்துகள்தான்.

கணக்கை நம்பியிருக்க அவருக்கு மனமில்லை. வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழையைப் பெரிய மின்காந்தத்துக்கு நடுவில் கட்டினார். கருவி 270 கிலோ, இயக்க ஐந்து பேர். நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புத்தண்ணீர்ச் சாடிகளில் வைத்துக்கொண்டு இருப்பார். யாவாவில் பிறந்த அந்த மனிதருக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. உன் கையில் இருக்கிற ஜெல், அந்த உப்புத்தண்ணீர்தான். சிவப்புக் கம்பி வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால்: அந்த மூன்று சாடிகள். வலது காலின் கறுப்புக் கம்பி, கோட்டில் கலக்கிற மின் இரைச்சலை அடக்க வந்தது. நெஞ்சில் ஒட்டுகிற வி1 முதல் வி6 வரையான லீட்டுகளின் இடம் 1938இல்தான் ஒழுங்கானது.

சிவப்பும் மஞ்சளும் மாறினால் முதலாம் லீட், அதாவது இரண்டு கைகளுக்கும் இடையிலான கோடு, தலைகீழாகும்; ஏவிஆர், அதாவது வலது கைப் பக்கமிருந்து பார்க்கிற கோடு, நிமிர்ந்து நிற்கும். இதயம் வலப்பக்கம் இருப்பவருக்கும் அப்படித்தான் வரும், ஆனால் அவருக்கு வி4 முதல் வி6 வரை ஆர் என்ற மேடு சிறுத்துக்கொண்டே போகும். கம்பி மாறியிருந்தால் நெஞ்சுக்கோடு வழமைபோல இருக்கும். முதலில் கம்பியைப் பார்.

ஒட்டும்போது வி1, வி2 தான் அதிகம் பிழையாகும், ஒரு விலா இடைவெளி மேலே போய்விடும். கண்ணால் மட்டிடாதே. நெஞ்செலும்பின் மேற்பக்கம் விரலில் தட்டுப்படுகிற மேட்டைப் பிடி. அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாம் விலா, அதற்குக் கீழே இரண்டாம் இடைவெளி. அங்கிருந்து இரண்டு இறங்கினால் நான்காவது. வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2. அடுத்தது வி4: ஐந்தாம் இடைவெளி, காறை எலும்பின் நடுவுக்கு நேர் கீழே. வி3, வி2க்கும் வி4க்கும் நடுவில் வரும் என்பதால் அதைப் பிறகு ஒட்டு. வி5, வி6 வி4இன் மட்டத்திலேயே பக்கவாட்டில் போகும், விலாவோடு மேலே வளையக் கூடாது. வி1, வி2 மேலே ஏறினால், இல்லாத பழைய மாரடைப்பு தாளில் தெரியும். அந்தத் தாளை நம்பி ஒருவரைக் கொழும்புக்கு ஏற்றுவார்கள்.

நம் ஊர்ச் சூட்டில் நெஞ்சு நனைந்தே இருக்கும். துடைத்து, நன்றாக உலரவிட்டு ஒட்டு. ஈரத்தில் ஒட்டினால் வழுக்கி, கோடு தோணிபோல ஆடும். ஒரே சீரான நுண்பல் தெரிந்தால் 50 ஹெர்ட்ஸ் கரண்ட், பக்கத்துச் சார்ஜரைக் கழற்று. சீரில்லாத நடுக்கம் என்றால் தசை. குளிருகிறதா, பயமா என்று கேள், போர்த்திவிடு, கையைக் கட்டிலில் தளர்வாக வைக்கச் சொல்.

தாள் விநாடிக்கு 25 மில்லிமீற்றர் ஓட வேண்டும், ஒரு மில்லிவோல்ட் குறி 10 மில்லிமீற்றர் உயரம் நிற்க வேண்டும். நேரத்தையும், அந்த நிமிடம் நெஞ்சுவலி இருந்ததா என்பதையும் கையாலேயே எழுது. சூடுபட்டால் கறுக்கிற தாள் அது, நாள்பட வெளிறியும் போகும். கிளினிக் கொப்பிக்குள் வைக்கமுன் ஒரு போட்டோக்கொப்பி எடுத்துக் கொடு.

அன்புடன்,
அப்பா